சஃப்ரினின் கம்ப்யூட்டர்

தென்காசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பொம்பளை எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைக்குள் நுழைந்து என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "வேற யாரும் இல்லையாம்மா?" என்று கேட்கிறவர்களிடம், "இருந்தாக, நீங்க வாறியன்னு கேட்டு ஓடிப் போயிட்டாக" என்று சொல்லியே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டேன். பெயர் உமா மகேஸ்வரி. போர்டில் உமா மட்டும்தான் இருக்கும், மகேஸ்வரிக்கு இடம் பத்தவில்லை.

சேக் மைதீன் பாய் அப்படிக் கேட்கவில்லை. போன ஐப்பசியில் ஒரு மழை நாளில் வந்தார். துணிப்பைக்குள் துண்டைச் சுற்றி வைத்திருந்த லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"மகளோடதும்மா. ஓப்பன் ஆவ மாட்டேங்குது."

"பிள்ளையையே வரச் சொல்லுங்க பாய். பாஸ்வேர்டு கேக்கணும்லா."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். "இதுல இருக்கு. ஆஸ்பத்திரில படுத்துக் கெடக்கும்போது ஆபீசுக்குச் சொல்லணும்னு அவ உம்மாகிட்ட எழுதிக் குடுத்தது. அவ மௌத்தாயி நாலு மாசம் ஆவுது."

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னேன்.

லேப்டாப்பில் மதர்போர்டு போயிருந்தது. இனி எழுந்திருக்காது. ஆனால் ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தது. மறுநாள் வந்தவரிடம், உள்ளே இருக்கிற போட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"போட்டோ போன்லயே கெடக்கும்மா. போட்டோவ வச்சு நான் என்ன செய்ய? அவ தெனமும் முன்னால உக்காந்திருந்தாளே, அது வேணும். அவ எப்படி வச்சிருந்தாளோ அப்படியே வேணும்."

அதற்கு ஒரு வழி இருந்தது. டிஸ்க் முழுவதையும் அப்படியே நகல் எடுத்து ஒற்றை ஃபைலாக்கி, வேறொரு கம்ப்யூட்டருக்குள் வைத்து ஓட்டலாம். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். புதுக் கம்ப்யூட்டர் ஒரு வீடு என்றால் அவர் மகள் சஃப்ரினுடையது அதற்குள் ஒரு அறை. பழைய உடம்பு போய்விட்டது என்று அந்த அறைக்குள் இருப்பதற்குத் தெரியாது. எனக்கு மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் திரையில் ஐந்தருவி வந்தது. ஆள் கூட்டமில்லாத ஐந்தருவி. விடியற்காலையில் எடுத்திருப்பாள் போல. அதன் மேல் வலது ஓரமாக வரிசையாக அவள் ஃபோல்டர்கள், கீழே தொழுகை நேரம் காட்டுகிற சின்ன சதுரம். மைதீன் பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். தொடவில்லை.

ஒரு ஃபோல்டரைக் காட்டி, "இதெல்லாம் என்னம்மா?" என்று கேட்டார்.

"அது உங்க மக வேலை பாய். நான் இப்ப செஞ்சேன்லா, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர்? கிட்டத்தட்ட அதத்தான் அவ செஞ்சிருக்கா. சின்னச் சின்னதாப் பெட்டி கட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு முழு டெஸ்க்டாப்ப ஓட விட்டுப் பாக்கது. கன்டெய்னர்னு சொல்லுவாங்க. நான் ஒண்ணு செய்ய மூணு நாளாச்சு. உங்க மக நாளுக்கு இருவது செஞ்சிருப்பா."

"எங்கிட்ட சொன்னா," என்றார். "கன்டெய்னர்ல வேலைன்னு சொன்னா. நான் சிரிச்சிட்டேன். கன்டெய்னர முப்பது வருசம் ஏத்தி எறக்குனவன் நான், நீ ரூமுக்குள்ள உக்காந்து எத ஏத்தப்போறன்னு கேட்டேன். சிரிச்சிருக்கப்படாது."

அவர் சவுதியில், தம்மாமில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. மகளுக்கு இருபத்து நான்கு வயது, அவர் அவளோடு இருந்த நாளையெல்லாம் சேர்த்தாலும் இரண்டு வருஷம் தேறாது. ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்த மாதம் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பிள்ளை கூட இனிமேலாவது இருக்கலாம் என்று வந்த மனுஷனுக்கு அது பொறுக்கவில்லை. அதை அப்படியே சொல்லியிருந்தால் அவளும் கேட்டிருப்பாளோ என்னவோ. "பொட்டப்பிள்ளைக்குப் பெங்களூர்ல என்ன சோலி" என்றுதான் அவர் வாயில் வந்தது. அவள் கம்பெனியிடம் மன்றாடி வீட்டிலிருந்தே வேலை வாங்கிக்கொண்டாள். மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள், அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இருபது நாள். இருபத்தோராம் நாள் காய்ச்சல் வந்தது. சாரல் சமயத்துக் காய்ச்சல்தானே என்று இருந்தார்கள். ஐந்தாம் நாள் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள், எட்டாம் நாள் கொண்டு வந்தார்கள். இதையெல்லாம் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு வரி சொல்வார்.

அந்தப் புதுக் கம்ப்யூட்டரை இலஞ்சி ரோட்டில் அவர் வீட்டு மாடியில் நானே கொண்டுபோய் வைத்துக் கொடுத்தேன். அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒரு காலத்தில் எட்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினவள் நான். ஆலங்குளத்திலிருந்தும் கீழப்பாவூரிலிருந்தும் ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளைகள் கண்டதையும் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். அதற்காக எட்டையும் உறைய வைத்திருப்பேன். பகல் முழுக்க என்ன கூத்து நடந்தாலும் நிறுத்திப் போட்டால் எல்லாம் போய், நான் வைத்த நிலைக்கே திரும்பிவிடும். கை அப்படியே பழகிவிட்டது. வயசானவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அதே மாதிரி பூட்டித்தான் கொடுப்பேன். மைதீன் பாய்க்கு மவுஸ் பிடிக்கும்போது விரல் நடுங்கியது. தவறுதலாக மகள் வைத்திருந்த எதையாவது அழித்துவிட்டால் அந்த ஆள் தாங்க மாட்டார் என்று, சஃப்ரினின் கம்ப்யூட்டரையும் அப்படி வைத்தேன். ஒவ்வொரு தடவை மூடும்போதும் அது முதல் நாள் நிலைக்குத் திரும்பும். அவரிடம், "எதத் தொட்டாலும் பயப்படாதீங்க பாய், உங்க மக வச்சது ஒண்ணுங்கூட அழியாது" என்று சொன்னேன். அவர் பார்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எழுதுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏழு மாதம் கழித்து, இந்த ஆனியில், குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்த வாரம், அவர் மனைவி நூர்நிஷா அக்கா ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள்.

"ஒங்களுக்கு அல்லா நல்லது செய்யணும் உமா," என்றாள். "நீங்க அந்தக் கம்ப்யூட்டர வச்சுக் குடுத்த பொறவுதான் அவுக சோறு ஒழுங்காத் திங்காக. சாயங்காலம் அசர் தொழுதுட்டு வந்து ஒக்காந்தா மஃரிபு தொழுகை வரைக்கும் டைப் அடிச்சுக்கிட்டே இருக்காக."

"என்னத்தக்கா டைப் அடிக்காக?"

"பிள்ளைக்கு லெட்டரு. தெனமும் ஒண்ணு. எங்கிட்டக் காட்ட மாட்டாக."

ஜெராக்ஸ் மெஷினில் கையை வைத்தபடி நின்றேன். ஏழு மாதம். தினம் ஒன்று. இருநூறு கடிதமாவது இருக்கும். ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அவர் எழுதி, சேமித்து, மூடுவார். மூடின நொடியில் நான் வைத்த பூட்டு அதைத் துடைத்துப் போட்டிருக்கும்.

ஒன்றுதான் புரியவில்லை. எழுதினது மறுநாள் காணவில்லை என்றால் மனுஷன் முதல் வாரமே என் கடைக்கு ஓடி வந்திருக்க வேண்டாமா? சுவிட்ச் போட்டால் விளக்கு ஒரு நொடி தாமதமாக எரிகிறது என்றுகூடக் கேட்க வருகிறவர். பழையதைத் திரும்பப் பார்க்கிற வழக்கம் இல்லை போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவர் பள்ளிவாசலுக்குப் போகிற நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். சீசன் கூட்டம், இலஞ்சி விலக்கில் வண்டிகள் நகரவில்லை, வேனில் தலைநிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்டேட் போட வந்தேன் என்று நூர்நிஷா அக்காவிடம் பொய் சொல்லி மாடிக்குப் போனேன். திறந்தால் ஐந்தருவியும் அவள் ஃபோல்டர்களும்தான். அவர் எழுதினதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. திரும்ப எடுக்க என்னென்னமோ செய்து பார்த்தேன், வரவில்லை. அந்தப் பூட்டை எடுத்துவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. இனி எழுதுவது தங்கும், போனதைப் பற்றி ஒரு நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று கீழே வந்து டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வாய் நீளம் என்று பெருமை அடித்துக்கொள்கிறவள், சொல்ல வேண்டிய இடத்தில் அதை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையில் கடையைத் திறக்கும்போதே மைதீன் பாய் நின்றுகொண்டிருந்தார். குடை இருந்தும் தோளெல்லாம் நனைந்திருந்தது. ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"யம்மா, ஒண்ணு கேக்கணும். யாரும் வாறதுக்குள்ள கேட்டுருதேன். பைத்தியம்னு நெனைக்கப்படாது."

"சொல்லுங்க பாய்."

"நான் அதுல பிள்ளைக்கு லெட்டரு எழுதுதேன். இங்கிலீஷ் எழுத்துல தமிழாத்தான். எழுதி அங்கன, அந்த அருவிப் படத்து மேலயே வப்பேன். மொத நாளு வச்சேன், மறுநாள் காணோம். நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன். ரெண்டாவதும் காணோம். அவ வச்சதுல ஒண்ணும் கொறையல. நான் வச்சது மட்டும் இல்ல. அஞ்சாவது நாளு, 'வாப்பா எழுதுதது வேணும்னா எடுத்துக்க, வேண்டாம்னா விட்டுரு'ன்னு ஒரு வரி எழுதி வச்சேன். மறுநாள் அதுவும் இல்ல."

நான் சாவியை மேசையில் வைத்தேன்.

"எனக்கு மார்க்கம் தெரியும்மா. மௌத்தாப்போனவங்க வந்து லெட்டரு எடுக்க மாட்டாங்க. பள்ளிவாசல் அஜரத்துகிட்டக் கேட்டா ஏசுவாரு. எனக்கே தெரியும். ஆனா தெனமும் போகுதே. ஒரு நாளு தவறாமப் போகுதே. அதனால நான் யாருகிட்டயும் கேக்கல. கேட்டா நின்னு போயிருமோன்னு பயம். தம்மாம்ல என்ன சாப்புட்டேன், யாரு கூட ஒரே ரூம்ல கெடந்தேன், அவ பெறந்த சேதி எப்படி வந்துச்சு, எல்லாம் எழுதினேன். அவளுக்கு அதெல்லாம் தெரியாதுல்லா. அந்தப் பெங்களூர் விசயத்த மட்டும் எழுதல. தைரியம் வரல."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"மூணு நாளைக்கு முந்தி எழுதிட்டேன். நான் சொன்னது தப்பு, நீ பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் சொன்னேன், மன்னிச்சிருன்னு எழுதினேன். யம்மா, அது அங்கனயே கெடக்கு. அதுக்குப் பொறவு ரெண்டு எழுதினேன். அதுவும் கெடக்கு. எடுக்க மாட்டேங்கா. மறுபடியும் எங்கூடப் பேச்ச நிறுத்திட்டாளாம்மா?"

எனக்கு அழுகை வந்தது. என் கடையில், என் மேசைக்கு முன்னால், ஒரு கஸ்டமர் எதிரில் இருபது வருஷத்தில் நான் அழுததில்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ கோளாறு, சரி பண்ணித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இப்போது நினைத்தால் அதுதான் நல்லதோ என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் மகள் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதை இன்னொரு நிமிஷம் என்னால் பார்க்க முடியவில்லை.

சொன்னேன். பிரவுசிங் சென்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு வைத்தது நான், கடிதங்களை அழித்தது அந்தப் பூட்டு, மூன்று நாளைக்கு முன்பு வந்து எடுத்ததும் நான்தான்.

அவர் முகம் தெளிந்தது. நிஜமாகவே தெளிந்தது. "அப்ப அவ கோவத்துல எடுக்காம இல்ல," என்றார்.

"இல்ல பாய். அதுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க அந்த லெட்டர எழுதின அன்னைக்கு நான் செஞ்சு வச்ச வேலை அது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். கணக்குப் போடுகிறவர் மாதிரி உதடு அசைந்தது.

"அப்ப மத்ததும் அவ எடுக்கல."

"ஆமா பாய்," என்றேன்.

"அவ பெறந்த சேதி வந்தத எழுதினேனே. அது?"

"இல்ல பாய். போச்சு. திரும்ப எடுக்க முடியாது. நான் என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன். என் தப்புதான், என்னைய மன்னிச்சிருங்க."

"நீங்க அவளுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதானே செஞ்சிய," என்றார். அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"யம்மா, அத மறுபடியும் பழையபடி வச்சுத் தருவியளா?"

"எத பாய்?"

"அந்தப் பூட்ட. எழுதினது மறுநாள் இருக்கப்படாது."

நல்லதல்ல என்று சொன்னேன். இனி எழுதுவதையாவது பத்திரமாக வைக்கலாம், வேண்டுமானால் பிரின்ட் போட்டு ஃபைல் போடலாம், நூர்நிஷா அக்கா என்றைக்காவது வாசிப்பாள் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் மறுபடி அதையே கேட்டார்.

அன்று சாயங்காலமே போனேன். மாடி ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. திரையில் ஐந்தருவிக்கு மேலே மூன்று ஃபைல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முதல் ஃபைலின் பெயர் 'safrin maappu'. நான் அதைத் திறக்கவில்லை.

"பாய், பூட்டு போட்டா இந்த மூணும் போயிரும். வேறெங்கயாவது எடுத்து வச்சிரட்டுமா?"

"போட்டும். போறதுக்குத்தானே எழுதினேன்," என்றார்.

பூட்டைப் போட்டேன். மூடித் திறந்து காட்டினேன். அருவி மட்டும் இருந்தது, சஃப்ரின் வைத்த ஃபோல்டர்கள் இருந்தன, மூன்றும் இல்லை. அவர் திரைக்குக் கிட்டே குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். நான் படியிறங்கும்போது மேலே கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாக அமுக்குகிற சத்தம் கேட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படி நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது.

பத்து நாள் கழித்து நூர்நிஷா அக்கா போன் பண்ணினாள். அவுக ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்காக, கம்ப்யூட்டர்ல எதும் கோளாறா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் கடையைப் பூட்டிவிட்டு நேராகப் போனேன்.

மாடியில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். கீபோர்டைத் தள்ளி வைத்திருந்தார்.

"என்ன பாய், ஏதும் பிரச்சினையா? எழுதுறது மறுநாள் போகலையா?"

"அதெல்லாம் நல்லா ஓடுதும்மா. நீங்க வச்சுக் குடுத்த மாதிரியே ஓடுது." எனக்கு உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார். "அன்னைக்கி நீங்க போன பொறவு, அந்த மன்னிப்பு லெட்டர மறுபடியும் எழுதினேன். ஒரு வார்த்த கூட மாத்தல. மறுநாள் அசர் தொழுதுட்டு வந்து தொறந்தேன். காணோம்."

"சரிதானே பாய். அப்படித்தானே கேட்டிய?"

"ஆமாம்மா, நான்தான் கேட்டேன்," என்றார். "ஆனா எங்கன போச்சுன்னு இப்ப எனக்குத் தெரியுமே."